மூன்றாவது கேஸ்கட்

சற்று நீண்ட பதிவு. இயந்திரவியல் சாராத நண்பர்களும் படிக்கலாம். கணக்கு ஓரிடத்தில்தான் வருகிறது, அதுவும் பெருக்கல் கணக்குதான்.

நாக்பூரில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு ஒரு தம்பி இருக்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், டர்போ உண்டு, கடனில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. யவத்மாள் மாவட்டத்து வணிப் பகுதியில் நிலக்கரி ஏற்றுவார். பருவம் மாறினால் சிமென்ட், சோயா, எது கிடைத்தாலும் ஏற்றுவார். சென்ற ஆண்டு ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் அந்த லாரியின் ஹெட் கேஸ்கட் மூன்று முறை மாற்றப்பட்டது. மூன்றாவது கேஸ்கட் என் பேச்சைக் கேட்டு வாங்கியது. எல்லாவற்றிலும் குறைந்த நாள் உழைத்ததும் அதுதான். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுவே.

என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். கேஸ்கட் இணைப்புகளில் அழுத்தப் பரவல் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான்காண்டுகளாகக் கணினியில் கேஸ்கட்டுகளை அழுத்திக்கொண்டிருக்கிறேன். எரிந்துபோன கேஸ்கட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தது சென்ற ஜூலையில்தான்.

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்கிற்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டிற்கும் நடுவே கிடக்கும் ஒரு மெல்லிய தகடு. எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகெண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அதன் வேலை. அது எதைத் தாங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ., எரிதலின்போது உச்ச அழுத்தம் 150 பார் என்று கொள்ளுங்கள். இன்றைய டர்போ டீசல் எஞ்சின்களில் இது மிகை அன்று. வட்டத்தின் பரப்பால் பெருக்கினால் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 12 டன் வருகிறது. ஒரு சிலிண்டருக்கு 12 டன். நிமிடத்திற்கு 1800 சுற்றில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் இந்த உதை ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 15 முறை விழுகிறது. இவ்வளவையும் எதிர்த்து நிற்பது கேஸ்கட் அன்று, போல்ட்டுகளின் இறுக்கம். அந்த இறுக்கத்தைப் பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே கேஸ்கட்டின் பணி. பங்கீடு தவறினால் தவறிய இடத்தில் அது எரியும்.

ஆகவே எரிந்த கேஸ்கட் என்பது குற்றம் நடந்த இடம் எது என்று சொல்லும் சாட்சி. நம் பட்டறைகளில் அந்தச் சாட்சியைத்தான் முதலில் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

ஏப்ரலில் நடந்தது இது. வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் ஊர் இது. லாரி ரேடியேட்டர் தண்ணீரை வெளியே தள்ளியது. மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் குமிழி குமிழியாக வந்தது. பட்டறையில் பார்த்தார்கள், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார்கள், இறக்கினார்கள், மாற்றினார்கள். குமிழி நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. ஜூலையில் மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து, எஞ்சினிலிருந்து ‘புஸ் புஸ்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. கூடவே குமிழியும் திரும்பியது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதுமே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகியது. மறுபடி இறக்கினார்கள். மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய பாலத்தில் கேஸ்கட் எரிந்திருந்தது.

அப்போதுதான் அவர் என்னிடம் வந்தார். “டாக்டர் சாஹப், நீங்கள் இதைத்தானே படிக்கிறீர்கள்? என்ன செய்யலாம், சொல்லுங்கள்” என்றார். கேலியும் நம்பிக்கையும் கலந்த குரல் அது. எரிந்த கேஸ்கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கலப்புப் பொருளாலான மலிவு வகை. என் ஆய்வு பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் பற்றியது. அதன் மேன்மைகள் எனக்கு மனப்பாடம். “பொருள் தரமில்லை. எஃகு அடுக்கு வகையைப் போடுங்கள்” என்றேன். அந்த எஞ்சினுக்குப் பொருந்துவது கடையில் கிடைத்தது, விலைதான் கூடுதல். வாங்கிப் போட்டார்கள். ஆறு வாரம் வந்தது.

எஃகு அடுக்குக் கேஸ்கட் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும், நெடுநாள் தளராது, எல்லாம் உண்மைதான். ஆனால் அது விட்டுக்கொடுக்காது. கலப்புப் பொருள் வகை பரப்பிலுள்ள சிறு கீறல்களையும் பள்ளங்களையும் தன் மென்மையால் நிரப்பிக்கொள்ளும். எஃகு வகைக்கோ கண்ணாடிபோல் நேர்த்தியான பரப்பு வேண்டும். இது எனக்குத் தெரியும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் நானே எழுதியிருக்கிறேன். என் கணினி மாதிரியில் பரப்பு எப்போதும் சமதளம். பட்டறையில் பழைய கேஸ்கட்டின் ஒட்டலைக் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டிச் சுரண்டுகிறார்கள் என்பதை நான் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கத் தோன்றவும் இல்லை.

மூன்றாவது முறை லாரி நின்றபோது அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வாடிப் பக்கம், லாரிகள் மொத்தமாக நிற்கும் பகுதியில், வயதான மெக்கானிக் ஒருவர் இருப்பதாக யாரோ சொல்லி, லாரியை அங்கே இழுத்துச் சென்றார்கள். நானும் போனேன். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். அவர் எஞ்சினைத் தொடவில்லை. “பழைய கேஸ்கட் எங்கே?” என்று கேட்டார்.

முதல் கேஸ்கட் இல்லை, எறிந்தாயிற்று. இரண்டாவது தற்செயலாக என்னிடம் இருந்தது. நினைவுப்பொருள்போல ஆய்வகச் சுவரில் மாட்டியிருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதைக் கொண்டுவந்தேன். அதற்குள் மூன்றாவதும் இறங்கியிருந்தது. உஸ்தாத் இரண்டையும் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்தார். இரண்டும் ஒரே இடத்தில், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், நான்காவதன் பக்கமாக எரிந்திருந்தன. அவர் சொன்னது இவ்வளவே: “கம்பெனி வேறு, ஜாதி வேறு, செத்த இடம் ஒன்று. கேஸ்கட்டை விடு பேட்டா.”

எந்தப் புள்ளியியல் வகுப்பிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. பொருளின் குறை என்றால் அது தற்செயலாக எங்கேனும் வெளிப்படும். வெவ்வேறு ஆலைகளில் செய்த இரண்டு தகடுகள் ஒரே பாலத்தைத் தேர்ந்தெடுத்து எரிய வேண்டிய காரணம் தகட்டில் இல்லை, இரும்பில் இருக்கிறது. இரண்டாவது கேஸ்கட்டை இத்தனை நாள் சுவரில் வைத்துப் பார்த்தவன் நான். நான் பார்த்ததெல்லாம் அதன் தரத்தை. அதிலிருந்த தடத்தை நான் படிக்கவே இல்லை. மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி நெருப்பு வளையம் ஆழமாக அழுந்தியிருந்தது. நான்காவதைச் சுற்றி, அதிலும் மூன்றை நோக்கிய பக்கத்தில், அழுத்தத் தடம் மங்கலாக, சில இடங்களில் இல்லாமலே, இருந்தது. கரிக்கோடு அந்த மங்கலான இடத்தின் வழியாகத்தான் கடந்திருந்தது.

அதன்பின் அவர் டயல் கேஜை எடுத்தார். இவ்வகை எஞ்சின்களில் சிலிண்டரின் உட்சுவர் பிளாக்கோடு ஒன்றாய் வார்த்ததன்று; தனிக் குழாயாகச் செருகப்படும் லைனர். அதன் மேல்விளிம்பு பிளாக்கின் தளத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். அந்த உயர்வுதான் கேஸ்கட்டின் நெருப்பு வளையத்தைக் கடித்துப் பிடிக்கிறது. மி.மீட்டரில் நூறில் சில பங்குகள்தான் இந்த உயர்வு. லைனருக்கு லைனர் இருக்கலாகும் வேறுபாடு அதனினும் சிறிது. 1, 2, 5, 6 ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. நான்காவது, அனுமதித்த எல்லையின் அடிமட்டத்தில். மூன்றாவதோ எல்லையைத் தாண்டி உயர்ந்து நின்றது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றன் சுவர் உயர்ந்தால் நடுவே வைத்த பலகை தாழ்ந்த சுவரில் எப்படி உட்காரும்? ஹெட் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கமெல்லாம் மூன்றாவதன்மேல் விழும். நான்காவதன் அந்த ஓரம் பட்டினி கிடக்கும்.

மூன்றாவது லைனரைப் பிடுங்கினார்கள். அதன் விளிம்பு அமரும் படிக்கட்டில் துருச் செதில் ஒன்று நசுங்கி அப்பியிருந்தது. அது எப்படி அங்கே போயிற்று என்பதற்கு உஸ்தாத் சொன்ன விளக்கத்தை நான் ஏற்கிறேன், நேரில் பார்த்தவர் யாருமில்லை என்றாலும். ஹெட்டை இறக்கியபின் பிஸ்டன்களின் தலையைச் சுரண்டுவதற்காக எஞ்சினைக் கையால் சுற்றுவார்கள். அப்போது லைனர்களைக் கிளாம்ப் போட்டு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏறும் பிஸ்டன் வளையங்களின் உராய்வு லைனரைச் சற்றே தூக்கிவிடும். தூக்கிய நொடியில் அடியிலே அழுக்கு புகும். மறுபடி உட்காரும்போது லைனர் முன்பிருந்த இடத்தில் உட்காராது. அந்த எஞ்சின் ஹெட் இறங்கியது ஏப்ரலில்தான். அதற்குமுன் ஓடிய ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை என்றார் உரிமையாளர்.

அப்படியானால் ஏப்ரலில் எரிந்தது எது?

இந்தக் கேள்வி எனக்கு இரவில்தான் எழுந்தது. மறுநாள் அவரிடம் முதல் பட்டறையின் ரசீதைக் கேட்டு வாங்கினேன். கேஸ்கட் செட், கூலி, ஆயில், கூலன்ட் என்று வரிசையாக எழுதியிருந்ததன் கடைசியில் சிறிதாக ஒரு வரி: கம்ப்ரசர் ஹெட் கிட். லாரிகளின் பிரேக் காற்றில் இயங்குவது. அந்தக் காற்றை அழுத்தித் தருவது எஞ்சினோடு சேர்ந்தோடும் ஒரு கம்ப்ரசர். அதன் தலைப்பகுதியைக் குளிர்விப்பதும் எஞ்சினின் அதே தண்ணீர்தான். அங்கேயும் ஒரு சின்னக் கேஸ்கட் உண்டு. அது கசிந்தால் பிரேக்குக்குப் போகவேண்டிய காற்று, எஞ்சின் தண்ணீரில் புகுந்து, ரேடியேட்டரில் குமிழி குமிழியாக வரும். தண்ணீரை வெளியே தள்ளும். பார்ப்பதற்கு அச்சு அசலாக ஹெட் கேஸ்கட் போனதுபோலவே இருக்கும். “ஏப்ரலில் பிரேக் காற்று ஏற நேரம் எடுத்ததா?” என்று கேட்டேன். “ஆமாம், காலையில் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டது” என்றார். “அப்போது இழுவை குறைந்திருந்ததா?” “இல்லை, இழுவை நன்றாகத்தான் இருந்தது.”

ஆய்வாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினார்கள், நோய் நின்றது, பெரிய செலவுக்குப் பெருமை போனது. ஏப்ரலில் ஹெட் கேஸ்கட் நன்றாகவே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வழியில்லை, ஏனெனில் அந்தத் தகடு இப்போது ஏதோ உருக்காலையில் கம்பியாகியிருக்கும். கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாற்றுவழி கொடுத்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால், அல்லது காற்றுத்தொட்டி நிறைந்து கம்ப்ரசர் ஓய்ந்த வேளையில் குமிழி குறைகிறதா என்று கவனித்திருந்தால், ஹெட்டை இறக்கவே தேவையிருந்திராது. ஹெட்டை இறக்காமலிருந்தால் லைனர் அசைந்திராது. பிளாக்கின் தளத்தைக் கிரைண்டர் தொட்டிராது. இல்லாத நோய்க்குச் செய்த அறுவையே நோயாயிற்று. மருத்துவத்தில் இதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் துறையில் இதற்குப் பெயர் ‘மறுபடியும் போய்விட்டது’.

என் மறுப்பு இந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லின்மேல்தான். மூன்று பழுதுகளுக்கும் ஒரே பெயர் சூட்டியதால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எல்லோரும், நான் உட்பட, எண்ணிக்கொண்டோம். முதலாவது வேறொரு உறுப்பின் நோய். இரண்டாவது முதல் சிகிச்சையின் விளைவு. மூன்றாவது, இரண்டாவதன் காரணம் அப்படியே இருக்க, அதன்மேல் என் அறிவுரையும் ஏறிக்கொண்டது. டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொன்னதை மேலாண்மை வகுப்புகளில் எல்லோரும் படித்திருப்போம். ஃபியூஸ் போன இயந்திரத்தில் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அது மீண்டும் போகும், எண்ணெய்ப் பம்ப்பின் வாயில் வடிகட்டி இல்லாததுவரை தேடிப் போகவேண்டும் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. நல்ல பாடம்தான். ஆனால் அது ஒற்றைச் சங்கிலியைக் கற்பிக்கிறது. பழுதுபார்ப்பவனின் கையே அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகப் புகுந்துகொள்ளும்போது முதல் ‘ஏன்’ வேறாகிறது: போன முறை நாம் என்ன செய்தோம்? மீண்டும் நேரும் எந்தப் பழுதிலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவே என்று இப்போது எண்ணுகிறேன்.

கம்ப்ரசர் ஒன்றுதான் ஏமாற்றும் என்பதில்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்து பாலாக நின்றால் உடனே ஹெட் கேஸ்கட் என்பார்கள்; ஆயில் கூலர் ஓட்டையானாலும், லைனரின் அடிவளையம் தேய்ந்தாலும் அதே பால்தான். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால், புகைவாயு மறுசுழற்சியுள்ள எஞ்சின்களில் அதன் குளிர்விப்பான் ஓட்டையாகியிருக்கலாம். வெண்புகைக்கு இன்ஜெக்டரே போதும். நிறம் மாறும் நீலத் திரவச் சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டரின் வாயில் வைத்தால், தண்ணீரில் எரிவாயு கலந்திருப்பின் மஞ்சளாகும். பெட்ரோல் கார்களில் அது நன்றாக வேலை செய்யும். டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது மிகுகாற்றில் எரிவதால் புகையில் கரியமிலவாயு மிகக் குறைவு. ஆகவே கசிவு இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். சுமையேற்றி ஓட்டிச் சோதித்தால்தான் நம்பலாம். இவற்றைப் பிரித்தறியும் சோதனைகள் எவையும் ஹெட்டை இறக்குவதைவிடச் செலவு மிகுந்தவை அல்ல. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரு வால்வுகளும் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, எங்கே வெளிவருகிறது என்று காது கொடுப்பதற்கு என்ன செலவு?

இதைப் படித்துவிட்டு, பட்டறைக்காரரின் அனுபவ ஞானமே ஞானம், பல்கலைக்கழகம் வீண் என்று பின்னூட்டமிட வருகிறவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கட்சியில் நான் இல்லை. முதல் பட்டறையில் இருந்தவர்களும் அனுபவசாலிகள்தான். வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் நாட்டு அனுபவ ஞானங்களில் ஒன்று. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிச் சுற்றி வந்து, எஞ்சின் சுமையில் இன்னும் சூடாகும். கூலன்ட்டுக்குப் பதில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். உப்பு படிந்த ஹெட்டில் வெப்பம் வெளியேறாது. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பதும் அப்படித்தான். 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரிவரை உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடி அதை 100க்கே இறக்கிவிடுகிறது.

உஸ்தாத்தும் போல்ட் விஷயத்தில் என்னோடு வாதாடினார். பழைய போல்ட்டுகளையே எண்ணெய் தடவிப் போடலாம், கைக்கு இறுக்கம் தெரியும் என்றார். கைக்குத் தெரிவது முறுக்கு, இறுக்கம் வேறு. நாம் கொடுக்கும் முறுக்கில் பாதியைப் போல்ட்டின் தலையடி உராய்வு விழுங்கும், ஏறத்தாழ 40 சதவீதத்தை மரைகளின் உராய்வு விழுங்கும், மிஞ்சும் 10 சதவீதம்தான் ஹெட்டைப் பிடிக்கும். மரையில் சற்றே துரு கூடினாலும் அந்த 10 சதவீதம் சரிந்துவிடும், கைக்குத் துளியும் தெரியாது. அதனால்தான் குறிப்பிட்ட முறுக்குக்குப் பின் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்கிறது கையேடு. அவர் போல்ட்டுகளை நீளம் அளந்தோம். பாதிக்குமேல் அனுமதித்த நீளத்தைத் தாண்டி நீண்டிருந்தன. அவர் மறு பேச்சின்றிப் புதியவற்றை வாங்கிவரச் சொன்னார். போல்ட் குழிகளின் அடியில் தேங்கிய எண்ணெயைக் காற்றடித்து வெளியேற்றச் சொன்னதோ அவர். குழியில் எண்ணெய் நின்றால் போல்ட் அதன்மேல் முட்டி நின்று பொய்யான முறுக்கைக் காட்டும், பிளாக்கையே விரிசலிடவும் செய்யும். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

முதல் பட்டறையின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. லாரி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும், தவணை நிற்காது. உரிமையாளர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து “இன்றைக்கு முடியுமா?” என்று மணிக்கொருமுறை கேட்கிறார். நோயறிய ஒரு நாள் கேட்கிற மெக்கானிக்குக் கூலி கிடைக்காது, மாற்றிக் கொடுக்கிறவருக்குக் கிடைக்கும். கண்டுபிடித்ததற்கு என்று ரசீதில் ஒரு வரி எழுத நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமில்லை. எழுதினாலும் யாரும் தரமாட்டோம். சுமை மிகுதி, மேட்டுப் பாதை, கோடை என்று ஓட்டுநர்மேல் பழிபோடுவது இன்னும் எளிது. இந்த லாரியிலும் முதலில் அதுதான் நடந்தது.

என் கோபம் எங்கள்மேல்தான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் என்று ஓராண்டுப் படிப்பு உள்ளது. அங்கே மாணவன் ஹெட்டை இறக்குகிறான், தளத்தின் சமமட்டத்தை நேர்விளிம்பு வைத்து அளக்கிறான். அந்த அளவு ஏன் தேவை என்று அவனுக்குச் சொல்ல நேரமில்லை. எங்கள் நிறுவனங்களில் ஏன் என்பதற்கு நான்கு தாள்கள் உள்ளன. லைனர் உயர்வை அளந்த மாணவன் என் வகுப்பில் ஒருவனும் இல்லை. செப்டம்பர் அனுபவத்திற்குப் பின், என் கணினி மாதிரியில் ஒரே ஒரு லைனரை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். நான்காவதன் ஓரத்தில் அழுத்தம் சரிந்தது. கேஸ்கட்டில் நான் பார்த்த மங்கலான தடமும் அந்த வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. நான்காண்டுகளில் நான் செய்த மிகப் பயனுள்ள கணக்கு அதுவே. மாற்றியது ஒரே ஓர் எண். அந்த எண்ணை மாற்றலாம் என்று தோன்ற ஒரு லாரி மூன்று முறை நிற்கவேண்டியிருந்தது.

இதை ஆய்வேட்டில் ஓர் இயலாக எழுதலாமா என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். ஒரே எஞ்சின், மாதிரி அளவு ஒன்று, பொதுமைப்படுத்த இயலாது, புதுமை என்ன என்றார்கள். கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு லாரியை வைத்து எல்லா லாரிக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் மருத்துவ இதழ்கள் ஒற்றை நோயாளியின் வரலாற்றை அச்சிடுகின்றன. விமான விபத்துகளில் உடைந்த ஒரு போல்ட்டை உறையிலிட்டு முத்திரை வைத்து ஆராய்கிறார்கள். பொதுமைப்படுத்துவது அவற்றின் நோக்கமன்று. அடுத்து அதே குறியைக் காண்பவர் முதல் நாளே கம்ப்ரசரை நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நம் நாட்டில் இத்தனை லாரிகள் ஓடுகின்றன, ஒவ்வொரு லாரிப் பேட்டையிலும் இப்படிப்பட்ட வரலாறுகள் கரிப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றேனும் நம் மொழிகளில் எழுதப்பட்டு ஒரு மாணவனின் கைக்கு வருகிறதா? அந்த இயலை எப்படியும் எழுதத்தான் போகிறேன். உஸ்தாத்தின் பெயரை நன்றியுரையில் போட்டால் போதும் என்கிறார் நெறியாளர். கட்டுரையாகும்போது இணையாசிரியராகப் போடவேண்டும் என்பது என் கட்சி. பேச்சு இன்னும் முடியவில்லை.

லைனர் அமரும் படிக்கட்டைத் திருத்தி, அடியில் உரிய தகடு வைத்து, உயரங்களைச் சமன் செய்தார்கள். பிளாக்கின் தளத்தையும் ஹெட்டையும் மட்டம் பார்த்து, ஹெட்டை மட்டும் லேசாகச் சீவினார்கள். கேஸ்கட், பழைய கலப்புப் பொருள் வகையே. நான் எதுவும் சொல்லவில்லை. லாரி இந்தக் கோடையைக் கடந்துவிட்டது. மூன்றாவது கேஸ்கட்டின் விலையை அவரிடம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை, வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன், அவரும் வாங்கவில்லை. ரசீதில் ‘பரிசோதனைக் கூலி’ என்று ஒரு வரி எழுதி உஸ்தாத்துக்குக் கொடுக்கச் சொன்னேன். அதை மட்டும் கேட்டார்.

இரண்டு கேஸ்கட்டுகளும் இப்போது ஆய்வகச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டியிருக்கின்றன, கீழே ரசீதின் நகல். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரே எஞ்சினில் இரண்டு முறைக்குமேல் போன கேஸ்கட் கிடைத்தால் எறியவிடாதீர்கள். எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பெயின்டால் எழுதி, இருபுறமும் படமெடுத்து, போன முறை எதையெல்லாம் கழற்றினார்கள் என்று கேட்டு ஒரு பத்தி எழுதி எனக்கு உட்பெட்டியில் அனுப்புங்கள். லாரி எண்ணோ உரிமையாளர் பெயரோ வேண்டாம்.